ஒட்டகப் பாட்டுக்கு ஏழு வேஷம்

எலி இல்ல அண்ணாச்சி. நல்லாக் குனிஞ்சு பாருங்க. எலிக்கு வால் இருக்கும்லா, இதுக்கு வால் எங்க இருக்கு? கினி பிக். சீமைப்பெருச்சாளின்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். போட்டவன் ஒண்ணையாவது கையில தூக்கிப் பாத்திருந்தா அப்படிப் போட்டிருக்க மாட்டான். மெதுவாப் பேசுங்க. கண்டக்டர்கிட்ட கூடையில வெள்ளரிப்பிஞ்சுன்னு சொல்லி வச்சிருக்கேன். வெள்ளரிப்பிஞ்சு எதுக்குக் கத்துதுன்னு கேட்டா என்ன சொல்லன்னு பாளையங்கோட்டையில ஏறினதுல இருந்து யோசிக்கேன், ஒண்ணும் ஓடல.

முதுகுல இருக்கது என்னன்னு கேக்கீங்களா? திமில். ஒட்டகத் திமில். உள்ள பஞ்சு, மேல என் பழைய காக்கி பேண்ட் துணி. அந்தா கூடை மூலையில செம்பட்டை முடியோட ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவனுக்குக் கிரீடம் உண்டு. கழத்தி என் சட்டைப்பையில வச்சிருக்கேன், இல்லன்னா தின்னுருவான். நீங்க சிரிக்கீங்க. சிரிங்க, சிரிங்க, எனக்கு ஒண்ணும் வருத்தம் இல்ல. இதுகள எங்க கொண்டுபோறேன்னு சொல்லணும்னா கிறிஸ்மஸ்ல இருந்து சொல்லணும். நீங்க எங்க இறங்கணும்? அப்ப நேரம் கெடக்கு.

எம்பேரு அருமைநாயகம். காலேஜ்ல விலங்கியல் லேப்ல முப்பத்து நாலு வருஷம் அட்டெண்டரா இருந்தேன். ரிட்டயர் ஆனா எல்லாரும் சால்வையோட வீட்டுக்குப் போவாங்க. நான் சால்வையோட ரெண்டு கினி பிக்கும் கொண்டுபோனேன். லேப்ல இனிமே பிராணி வைக்கக் கூடாதுன்னு உத்தரவு வந்து, வேண்டாத பொருளா மூலையில கெடந்துச்சு. ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு. ஆபிரகாம், சாராள்னு பேர் வச்சேன். பைபிள்ல அவங்க சந்ததி வானத்து நட்சத்திரம் மாதிரி பெருகும்னு ஆண்டவர் வாக்குக் குடுத்திருக்காரு. எங்க வீட்லயும் அந்த வாக்கு பலிச்சிட்டு. ஈசாக்கு பொறந்தான். அவனுக்கு நாகர்கோவில்ல பொண்ணெடுத்தேன், ரெபெக்காள். அப்புறம் ஏசா, யாக்கோபு, கடைக்குட்டி பென்யமீன். நட்சத்திரக் கணக்குக்குப் போயிரக் கூடாதுன்னு ஆம்பளைய ஒரு கூண்டு, பொம்பளைய ஒரு கூண்டுன்னு பிரிச்சிட்டேன். ஆக ஏழு உருப்படி.

எங்க வீட்டுக்காரிக்கு இதுகளக் கண்டா ஆகாது. ஞானசீலின்னு பேரு. கோயில்ல பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் அவதான். ஞாயிறு பள்ளியில இருபத்தஞ்சு வருஷம் பிள்ளைகளுக்கு ஜெப ஒழுங்கு சொல்லிக் குடுத்தவ. ஜெபத்துல ஒரு பிள்ள கண்ணத் தொறந்தா ஸ்கேலால ஒண்ணு வைப்பா. அம்பது பிள்ளையில யாரு தொறந்தான்னு டக்குனு கண்டுபிடிச்சிருவா. அது ஒரு வரம் அண்ணாச்சி, எல்லாருக்கும் வாய்க்காது.

அவ இதுகளப் பேரு சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. 'அந்தச் சனியன்'தான். "முற்பிதாக்கள் பேர எலிக்கு வச்சிருக்கீங்களே, உங்களுக்கு அடுக்குமா?"ன்னு கேப்பா. நான் இதுகளுக்குன்னு கேரட் வாங்கி வைப்பேன், மறுநாள் பாதி இருக்காது. பொரியலுக்கு எடுத்துக்கிடுதா போலன்னு நெனச்சுப் பேசாம இருந்தேன். பொரியல்லயும் கேரட்டக் காணோம். ஒரு பொம்பளை கேரட்ட என்னதான் செய்வா? நமக்கு எதுக்கு, குடும்பத்துல சமாதானம் முக்கியம்லா.

நவம்பர் கடைசியில ஏசா, இந்த செம்பட்டைதான், சங்கத்து மினிட்ஸ் நோட்டுல ஒரு மூலையத் தின்னுட்டான். பிப்ரவரி மாசக் கூட்டம் பூரா போச்சு. ஞானசீலி நோட்டக் கையில தூக்கிட்டு வந்து நின்னா. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாப்பேன். மறுநாள் காலையில பெட் ஷாப்காரன் வருவான். ஏழையும் தூக்கிக் குடுத்திரணும். இதுக்கு மேல ஒரு நாள் இருந்துச்சு, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்"ன்னா.

எங்களுக்குப் பிள்ள இல்ல அண்ணாச்சி. அத விடுங்க. காலையில எந்திச்சு வாசக் கதவத் தொறந்தா இதுக ஏழும் 'வீக் வீக்'னு கூப்பிடும். ரிட்டயர் ஆனவனை வேற யாரு கூப்பிடுதா? பெட் ஷாப்ல கண்ணாடிப் பெட்டியில தனித்தனியாப் பிரிச்சு வித்துருவான். சாராள் ஒரு ஊர்லயும் ஆபிரகாம் ஒரு ஊர்லயும் கெடக்கும். எனக்குச் சோறு எறங்கல. ஞானசீலி மனசு இளகணும், அதுக்கு என்ன வழின்னு யோசிச்சேன். அப்பதான் ஒட்டகப் பாட்டு ஞாபகம் வந்துச்சு.

எங்க ஊருக்கு வேதம் சொல்ல வந்த மொத உபதேசியார் கட்டின பாட்டு அது. கிறிஸ்மஸ் அன்னைக்குச் சாயங்காலம் கோயில்ல ஒப்பிக்கணும்னு வழக்கம். ஊர்ல பொறந்த எல்லாத்துக்கும் மனப்பாடம். மனப்பாடம்ங்கறதாலயே ஒருத்தரும் கேக்கதில்ல. பிள்ளைக மைக்ல ஒப்பிக்கும், பெரியவங்க அசனத்துக்கு, அதான் கோயில் விருந்துக்கு, எவ்வளவு அரிசி ஊறப் போட்டாங்கன்னு பேசிட்டிருப்பாங்க. ஞானசீலி மட்டும் அந்தப் பாட்டுக்கு உருகிருவா. நாலு வரி சொல்லுதேன், கேளுங்க:

ஒட்டகம் மூணும் வருகுதடி – தூர
ஓலைக் குடிசையைத் தேடுதடி
கட்டிலும் தொட்டிலும் இல்லையடி – பிள்ளை
கந்தைத் துணியிலே தூங்குதடி

எப்படி? கல்லும் கரையும்லா. நான் என்ன நெனச்சேன்னா, இந்தப் பாட்ட நம்ம ஏழு பேரையும் வேஷம் கட்டி நடிக்க வச்சிட்டா, அவளுக்குப் பிடிச்ச பாட்டுல அவளுக்குப் பிடிக்காததுக நடந்து வந்தா, மனசு மாறிருவால்லா? நேரா ஐயர்கிட்ட போனேன். எங்க பக்கம் பாதிரியார ஐயர்ம்போம். சின்ன வயசுக்காரரு, வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. சொன்ன உடனே கைதட்டிச் சிரிச்சிட்டாரு. கமிட்டியிலதான் தகராறு. மூப்பர் தவசிமுத்து வாத்தியார், ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், எந்திச்சு, "மாதாவும் பாலனும் எலியா? சபை தாங்குமா?"ன்னாரு. "ஐயா, எலி இல்ல. மாதாவும் பாலனும் பொம்மை. இதுக ஒட்டகம், ஆடு, ஏரோது, நட்சத்திரம், அவ்வளவுதான்"னேன். ஏரோது பாலனைக் கொல்லத் தேடுன ராஜால்லா, அவனுக்கு எலி பொருத்தம்னு அவரே சொல்லி ஒத்துக்கிட்டாரு.

ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு மூணும் ஒட்டகம். சாராளும் ரெபெக்காளும் ஆடு. ஏசா ஏரோது, அவனுக்கு அந்த மூஞ்சி இருக்கு. பென்யமீன் முதுகுல ஜிகினா நட்சத்திரம். வேஷம் பூரா என் கையால தச்சேன் அண்ணாச்சி. மொத நாள் தச்சப்ப திமில் வயித்துக்குக் கீழ தொங்குச்சு. சரி, காலையில பிரிச்சுத் தைப்போம்னு மேசையில வச்சிட்டுப் படுத்துட்டேன். காலையில எடுத்துப் பாக்கேன், திமில் நேரா நிக்கி! தையல் நூல் பிடிச்சாப்ல இருக்கு. நாம ஒரு வேலையக் குறைச்சு மதிப்பிடக் கூடாது, நேத்து நல்லாத்தான் தச்சிருக்கோம், கண்ணுதான் சரியாத் தெரியலன்னு நெனச்சேன். மறுநாள் ஏரோதோட அங்கியும் அப்படித்தான், நான் வைக்காத ஒரு சரிகை பார்டரோட. ஒரு தொழில்ல கை பழகிட்டா அதுபாட்டுக்கு வந்திரும் போல. ஞானசீலிகிட்ட காட்டினேன். திரும்பிக்கூடப் பாக்கல. "நான் அதத் தொடமாட்டேன்"ன்னுட்டா.

பழக்குறது சுலபம். ஒரு அடி உயரத்துக்குப் பலகை போட்டேன். கிழக்க இருந்து ஏறி வர ஒரு சரிவு, மேற்க இறங்க ஒரு சரிவு, நடுவுல பாலன் பொம்மையக் கெடத்த வைக்கோல் போட்ட தொட்டி, முன்னணைம்போம். 'ஒட்டகம் மூணும் வருகுதடி'ன்னு சொல்லிட்டு கொத்தமல்லிக் கட்டுப் பையச் சலசலன்னு ஆட்டுவேன். மூணே வாரம். அதுக்கப்புறம் பையே வேண்டாம். அந்த வரியச் சொன்னாப் போதும், ஏழும் வரிசையாக் கெளம்பி ஏறும், முன்னணை கிட்டப் போயி உக்காரும். நான் முப்பத்து நாலு வருஷம் லேப்ல இருந்தவன், எனக்கே கண்ணுல தண்ணி வந்துட்டு. ஒத்திகையப் பாக்க ஞானசீலியக் கூப்பிட்டேன். சட்டியில எண்ணெய் காயுதுன்னுட்டா.

கிறிஸ்மஸ் சாயங்காலம் அஞ்சு மணி. கோயில் நெறைய ஜனம், முந்நூறு பேருக்குக் கொறையாது. முன்னால பாய்ல பிள்ளைகளும் பொம்பளைகளும். கிழக்குச் சரிவுக்கு முன்னால ஏழு பேரும் வேஷத்தோட நிக்காங்க. பிள்ளைக எல்லாம் கழுத்த நீட்டிப் பாக்குது. மொத தடவையா அந்தப் பாட்டுக்கு ஜனம் பேச்ச நிறுத்திட்டு உக்காந்திருக்கு. ஞானசீலி மூணாவது பாய்ல, கையக் கட்டிக்கிட்டு, மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டு. ஐயர் எந்திச்சு, "ஆரம்ப ஜெபத்த தவசிமுத்து வாத்தியார் ஏறெடுப்பாரு. ஜெபிப்போம்"ன்னாரு.

அண்ணாச்சிக்கு எங்க வழக்கம் தெரியாது. ஜெபிப்போம்னு சொன்னா முந்நூறு பேரும் கண்ண மூடிருவோம். ஆமென் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. பக்கத்துல பாம்பு போனாலும் தொறக்கக் கூடாது. அப்படியே வளத்திருக்காங்க. வாத்தியார் ஜெபம் பண்ண எந்திச்சா உலைய வச்சிட்டு வந்து சோறு வடிக்கப் போகலாம். ஆதாம்ல ஆரம்பிப்பாரு. எல்லையில நிக்க ராணுவ வீரங்க, பப்ளிக் பரீட்சை எழுதுற பிள்ளைக, மணிமுத்தாறு அணைத் தண்ணி, ஒண்ணு விடமாட்டாரு. அன்னைக்கும் அப்படித்தான் போயிட்டிருந்தாரு. போயிட்டிருந்த மனுஷனுக்கு என்ன ஊக்கம் வந்துச்சோ, "'ஒட்டகம் மூணும் வருகுதடி' என்று பாடிய எங்கள் உபதேசியாருக்காக உம்மை ஸ்தோத்திரிக்கிறோம்"ன்னு ராகத்தோட சொல்லிட்டாரு.

போச்சு! எனக்குக் காதுல கேக்கு அண்ணாச்சி. பலகையில டிக்கு டிக்கு டிக்குன்னு இருபத்தெட்டு கால் நடக்குது. ஏழும் கெளம்பிட்டு. நாடகம் நடக்குது! கண்ணத் தொறந்தாப் பாக்கலாம். தொறக்கலாமான்னு இமை துடிக்கி. ஐயோ, அண்ணாச்சி, சோதனைன்னா அதுதான் சோதனை. ஆனா நான் தொறக்கல. முந்நூறு பேர்ல ஒருத்தரும் தொறக்கல. வைக்கோல் மெல்லுற சத்தம் கேக்கு. முன்னணையத் திங்குதுக. அப்புறம் மேற்குச் சரிவுல இறங்குற சத்தம். இறங்குனா நேரா ஜனத்துக்குள்ள.

திடீர்னு ஒரு பொம்பளை "ஸ்தோத்திரம்!"னு கத்துனா. மடியில ஒட்டகம் ஏறியிருக்கும் போல. கண்ணத் தொறக்கக் கூடாது, அலறவும் கூடாது, பாவம், வேற என்ன சொல்லுவா? அந்தப் பக்கம் ஒருத்தர் "அல்லேலூயா!"ங்காரு. பின்னால "ஆண்டவரே, ஆண்டவரே!"ன்னு நாலஞ்சு பேரு. வாத்தியார் நெனச்சாரு, சபை மேல ஆவி எறங்கி எழுப்புதல் வந்துட்டுன்னு. முப்பது வருஷமா அவர் ஜெபத்துக்கு இப்படி ஒரு சத்தம் வந்ததில்ல. அவ்வளவுதான், மனுஷன் மறுபடி ஆதாம்ல இருந்து ஆரம்பிச்சிட்டாரு.

ஆமென் சொல்லிக் கண்ணத் தொறந்தா, பலகை காலி. முன்னணையில இருந்த பொம்மை தரையில கெடக்கு, வைக்கோல் ஒரு இணுக்கு இல்ல. சாராள் ஒரு ஆச்சி சேலை மடிப்புல. ஏரோது வாத்தியார் செருப்புக்கு மேல உக்காந்திருக்கான். ஆபிரகாம் ஐயரோட அங்கிக்குள்ள. ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கி ஆறு சேத்துட்டேன். பென்யமீனைக் காணோம். உள்ளதுலயே சின்னவன், உள்ளங்கை அளவுதான் இருப்பான். யாராவது மிதிச்சிட்டா?

மைக்கப் பிடிச்சு, "சின்னது ஒண்ணு, முதுகுல நட்சத்திரம் இருக்கும், யாராவது பாத்தீங்களா?"ன்னு கேட்டேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல. பாத்தேன்னு சொன்னா ஜெபத்துல கண்ணத் தொறந்தேன்னு ஒத்துக்கிடணும்லா? அவங்கவங்க தரையப் பாக்காங்க. வாத்தியாருக்கு ஒரே கோவம். "ஜெப வேளையில எப்படிய்யா பாக்க முடியும்?"ங்காரு. ஒருத்தர் எந்திச்சு, காணாமப் போனது கெடைக்க ஒரு ஜெபம் பண்ணுவோம்னாரு. நான் கும்பிடாத கொறையா, அது மட்டும் வேண்டாம்னேன்.

ஐயர், நேரமாகுது, தேடிக்கிட்டே இருங்க, அடுத்த பாட்டுக்குப் போவோம்னு சைகை காட்டுனாரு. எங்க கோயில் ஆர்கன் பழைய ஆர்கன், காலால மிதிச்சாத்தான் காத்து ஏறும். வாசிக்கது ஹெப்சிபா டீச்சர். நல்ல கனமான ஆளு. டீச்சர் போயி உக்காந்து காலத் தூக்குனாங்க.

"மிதிக்காதீங்க!"

கோயில் அதிர்ந்துட்டு. யாருன்னு பாக்கேன், ஞானசீலி! எந்திச்சு நிக்கா. "மிதிக்காதீங்க டீச்சர், பென்யமீன் அந்த மிதிக்குக் கீழதான் இருக்கான்! எம்பிள்ளைய மிதிச்சிராதீங்க!"

டீச்சர் காலத் தூக்குனபடியே இருக்காங்க. நான் போயி மண்டி போட்டுக் கைய விட்டேன். நட்சத்திரத்துல ஒரு முனை உடைஞ்சு, நடுங்கிக்கிட்டு, உயிரோட இருக்கான். வாத்தியார் கண்ணாடிய மூக்குல ஏத்தி விட்டுக்கிட்டு, "செயலாளரம்மா, அது அங்க போனது உங்களுக்கு எப்படித் தெரியும்?"ன்னு கேட்டாரு. இருபத்தஞ்சு வருஷமா அவகிட்ட ஸ்கேல் அடி வாங்குனதுக எல்லாம், இப்ப மீசை மொளச்சு, பிள்ளைகுட்டியோட உக்காந்து அவளையே பாக்குது.

"பாத்தேன்"ன்னா. அவ்வளவுதான். பின்னால ஒருத்தன் களுக்குனு சிரிச்சான். அப்புறம் பாருங்க, கோயிலே சிரிக்கி. ஐயர் திரும்பி நின்னு சிரிக்காரு, முதுகு குலுங்குது. நான் சிரிக்கல. எனக்கு வெக்கமாப் போச்சு. நாடகமும் போச்சு, பொண்டாட்டி பக்தியும் போச்சு. மறுபடி வரிசையா நிறுத்த நேரம் இல்லன்னுட்டாங்க, கிறிஸ்மஸ் தாத்தா மிட்டாய் மூட்டையோட வாசல்ல வந்து நிக்காரு.

வீட்டுக்குப் போற வழியில பொறுக்க முடியாமக் கேட்டேன். "எப்பம்ட்டி கண்ணத் தொறந்த?"

"ஜெபிப்போம்னு சொன்னதுல இருந்து."

"மூடவே இல்லியா?"

"மூடுனா இதுகள யாரு பாத்துக்கிடது? நீங்களா?"

எனக்கு வந்த கோவம்! முப்பத்தொரு வருஷம் வீட்ல ஒரே பாய்ல உக்காந்து ஜெபம் பண்ணியிருக்கோம், இப்படிப்பட்டவன்னு தெரியாமப் போச்சேன்னு கத்துனேன். திரும்பிப் பாக்கேன், ஆளு வாய்க்கால் பாலத்துச் சுவர்ல உக்காந்திட்டா. தோள் குலுங்குது. அழுதாளோன்னு பயந்து கிட்டப் போனா, சிரிக்கா! வயித்தப் பிடிச்சிக்கிட்டு, மூச்சு விட முடியாமச் சிரிக்கா. "ஏங்க, எப்படி நடந்துச்சு தெரியுமா? ஒண்ணு வரிசை மாறல. ஆபிரகாம் பாதி ஏறிட்டு நின்னு, சாராள் வருதான்னு திரும்பிப் பாத்தான். ஏரோதுக்குக் கிரீடம் ஒரு கண்ணுல எறங்கிட்டு, ஒத்தக் கண்ணோட முறைச்சிக்கிட்டே வாரான். பென்யமீன் நட்சத்திரம் கனத்து ஒரு பக்கமாச் சாஞ்சு சாஞ்சு கடைசியா வந்தான். எல்லாம் முன்னணையச் சுத்தி உக்காந்துச்சுங்க. ஒரு நிமிஷம் அசையாம உக்காந்துச்சு. அப்புறம்தான் தின்ன ஆரம்பிச்சுது"ன்னா. சேலைத் தலைப்பால கண்ணத் தொடைச்சிட்டு மறுபடி ஆதியில இருந்து சொன்னா. வாத்தியார் மாதிரி, ரெண்டு தடவ.

மறுநாள் காலையில பெட் ஷாப்காரன் கூண்டோட வந்தான். நான் கேட்டுப் பக்கமே போகல. ஞானசீலிதான் போனா. "ஏழுல ஒண்ணு கொறஞ்சாலும் பாட்டு நிக்காது தம்பி, நீங்க போயிட்டு வாங்க"ன்னு அனுப்பிட்டா. எனக்கு இன்னும் அவ மேல வருத்தம்தான். பக்தி விஷயம்னா பக்தி விஷயம்லா.

அந்தா முன் சீட்ல பச்சச் சேலை கட்டி உக்காந்திருக்காள்லா, அவதான். மடியில துணிப்பை. உள்ள நறுக்கின கேரட்டும் பென்யமீனுக்குப் புது நட்சத்திரமும். சாயர்புரத்துக்குப் பக்கத்துல ஒரு சபையில கேள்விப்பட்டுக் கூப்பிட்டிருக்காங்க, இன்னைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு. அங்கயும் ஆரம்ப ஜெபம் உண்டு. எவ்வளவு பெரிய ஜெபமோ, யாரு கண்டா.

ஒண்ணு தீர்மானம் பண்ணிட்டேன் அண்ணாச்சி. அவகிட்ட சொல்லிராதீங்க. இன்னைக்கு ஜெபத்துல நானும் கண்ண மூடப் போறதில்ல. ஆண்டவர் மன்னிப்பாரு. இதுக நடக்கதப் பாக்க இல்ல, அது பாத்துப் பாத்து சலிச்சிட்டு. இதுக நடக்கயில அவ மூஞ்சி எப்படி இருக்குன்னு பாக்கணும்.